பெரிய சூடாமணிக்குப் பல் கட்டிய விவரம்

தியாகராய நகர்,
தாரண வருஷம், ஆவணி மாதம் இருபதாம் தேதி.

சிரஞ்சீவி மருமகன் ஆவுடையப்பனுக்கு, உன் தாய்மாமன் ராஜரத்தினம் மனப்பூர்வமாக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தையும் ஜவுளிக்கடையும் சௌக்கியம். மயிலாப்பூரில் உன் அம்மாவும் உன் தங்கையும் சரீரத்தால் சௌக்கியம். ஜபல்பூரில் உன் சௌக்கியத்துக்கும், மேலதிகாரி உன்மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கும், அவ்விடத்துக் கோதுமை உன் வயிற்றில் தங்குவதற்கும் கபாலீசுவரரைப் பிரார்த்திக்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

விஷயம் என்னவென்றால், அடையாற்றுச் சம்பந்தம் நின்றுவிட்டது. நம் சூடாமணி வேண்டாம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். காரணம் நான். இதை வேறு யாராவது உனக்கு எழுதினால் நாலே வரியில் எழுதி என்னை அயோக்கியனாக்கிவிடுவார்கள். நானே எழுதினால் நடந்ததை நடந்தபடி, சற்று விஸ்தாரமாக, என் பக்கத்து நியாயத்தையும் சேர்த்து எழுதுவேன். அதனால் கடைக்கு வருகிறவர்களை உன் அத்தையிடம் விட்டுவிட்டு, வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலாம் பாரம் வரைக்கும் படித்து, ஐந்தாம் பாரத்தை என் கௌரவத்தை முன்னிட்டு நானாகவே விட்டவன் என்பது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் அது பேனாவுடையது.

நீ எழுதிய கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "மாமா, பெரிய சூடாமணிக்குப் பிரேக் பல் தேய்ந்துவிட்டதாக அம்மா எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில், வாசலில் குழவிக்கல் முட்டுக் கொடுத்து நிற்கும் வண்டி பட வேண்டாம். நல்ல கையாகப் பார்த்துப் பல்லைக் கட்டி, கொட்டகைக்குள் விட்டுவிடுங்கள். நீங்கள் தொட வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். கடைசி வாக்கியம் காகித மடிப்பில் விழுந்திருந்ததால் நான் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன். முன்னாலேயே பார்த்திருந்தாலும் அதை வேறு யாருக்கோ எழுதினதாத்தான் எடுத்துக்கிட்டிருப்பேன். ஏன்னா இந்த ராஜதானியிலேயே பிரேக்கைப் பத்தி என்னைவிட விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் சீமைக்குப் போயிட்டார். இன்னொருத்தர் பேர் ஞாபகம் வரலை.

முதல்ல அந்தப் பேர் விஷயம். உனக்கு அப்போ ஆறு வயசு, ஞாபகம் இருக்காது. உன் தங்கை பொறந்த அஞ்சாம் நாள்தான் உங்கப்பா, என் அத்தான், அந்த மோட்டாரை யாரோ ஒரு துரைகிட்டேயிருந்து வாங்கி வாசல்ல நிறுத்தினார். அப்பவே அதுக்குப் பன்னிரண்டு வயசு. வீட்டுக்கு ஒரே வாரத்துல ரெண்டு லட்சுமி வந்திருக்காங்கன்னு சொல்லி ரெண்டுக்கும் சூடாமணின்னே பேர் வச்சார். "அத்தான், ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா பின்னாடி குழப்பம் வரும்"னு அன்னிக்கே சொன்னவன் நான். சொன்னேன்னுதான் நினைக்கிறேன். அப்புறம் வீட்டுக்குள்ள பெரியவ, சின்னவன்னு பிரிச்சுக்கிட்டோம். அவர் போன பிறகு அந்த வண்டியை விக்க அக்காவுக்கு மனசில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு அதை ஓட்டவும் வழியில்லை. வாசல்ல நிக்கும், விசேஷத்துக்கு ஒரு தரம் குளத்தைச் சுத்தி வரும். அவ்வளவுதான்.

மயிலாப்பூர்ல உங்க தெரு பாக்கறதுக்குத்தான் தட்டை. ஒரு மோட்டாரைக் கொண்டுபோய் நிறுத்தினாத்தான் அது குளத்தைப் பார்த்துச் சரிவுன்னு தெரியும். இந்த வண்டிக்கோ பிரேக் கைப்பிடி கதவுக்கு வெளியில, ஆள் இடுப்பு உசரத்துக்கு நிக்குது. அதுக்குக் கீழே வளைஞ்ச இரும்புப் பட்டை ஒண்ணு, சீப்பு மாதிரி பல்லு பல்லா. கைப்பிடியோட ஒட்டின நாக்கு ஒண்ணு. பிடியை இழுத்தா நாக்கு பல் இடுக்குல போய் உக்காரும், வண்டி நிக்கும். முப்பது வருஷமா உக்காந்து உக்காந்து மூணு பல்லு தேய்ஞ்சு போச்சு. இழுத்தா நிக்குற மாதிரி நின்னுட்டு, நாம திரும்பினதும் 'சொடக்'குன்னு நழுவும். போன மாசம் ஒரு காலையில அப்படி நழுவித் தானாவே குளத்தங்கரை வரைக்கும் போயிடுச்சு. நாலு பேர் தள்ளிக்கிட்டு வந்தோம். அன்னியிலேர்ந்து சக்கரத்துக்கு அக்காவோட குழவிக்கல். வீட்டுல பத்து நாளா தோசை கிடையாது.

உன் கடிதம் வந்த அன்னிக்கே அரத்தை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன். மூணு பல்லுதான் தேய்ஞ்சிருந்தது. மத்த பதினொண்ணும் நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்கு வேலையில ஒழுங்கு முக்கியம். மூணு குட்டை, பதினொண்ணு நெட்டைன்னு கண்ணுக்கு அசிங்கமா இருக்கேன்னு எல்லாத்தையும் ஒரே மட்டமா ராவி விட்டேன். சாயங்காலம் பார்த்தா பட்டை பளபளன்னு, கையை வச்சா வழுக்கிக்கிட்டுப் போகுது. ஜவுளிக்கடை முழக்கோல்கூட அவ்வளவு வழவழப்பா இருக்காது. அதுக்கப்புறம்தான், நல்ல கையா வேறே யாராவது இருக்காங்களான்னு விசாரிச்சேன்.

மீர்சாகிப்பேட்டையில அக்பர் பாஷான்னு ஒருத்தர். பூட்டு, தையல் மிஷின், ஜட்கா வண்டிப் பட்டை வில், எது போனாலும் அவர்கிட்டேதான் போகும். பட்டையைக் கழட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தார், கழட்டிட்டும் பார்த்தார்.

"இன்னா நைனா இது? தேஞ்ச பல்லு பார்த்துக் கீறேன். மூளியான பல்லு பார்த்துக் கீறேன். சவரம் பண்ண பல்லு இப்பதான் பாக்கறேன். எவன் செஞ்ச வேலை?"

"பழைய மெக்கானிக் ஒருத்தன் பாஷா. ஊரை விட்டே போயிட்டான்."

"போய்ச் சேந்தானா, நல்லது" என்றார்.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் அன்வரி பேகம் கேட்டாங்க: "யாருக்குங்க பல்லு போச்சு? ஜாம் பஜார்ல நல்ல பல்லு டாக்டரு கீறாரே, அங்க அனுப்பக் கூடாதா?" நானும் பாஷாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆவுடையப்பா, அன்னிக்கு அந்த அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரிக்காம, கொஞ்சம் நிதானிச்சு யோசிச்சிருந்தேன்னா இந்தக் கடிதமே இல்லை. சிரிச்சுட்டேன்.

சண்டை நடக்கிற காலம், சீமைச் சாமான் எங்கே வரும்? பாஷா யோசிச்சு, அடையாறுல ஊருக்குப் போயிட்ட ஒரு துரையோட பங்களாத் தோட்டத்துல இதே ஜாதி வண்டி ஒண்ணு செத்துக் கெடக்குது, அதுல பட்டை நல்லா இருக்கும், காவல்காரர் தனக்கு வேண்டியவர்னு சொன்னார். ரெண்டு பேரும் குளத்தங்கரையில அடையாத்துப் பஸ்ஸைப் பிடிச்சோம். கரி அடுப்பு வச்ச பஸ். அது போடற சத்தத்துல கத்திப் பேசினாத்தான் காதுல விழும். எனக்குக் கத்தறதுல சிரமம் கிடையாது. பஸ்ஸுல ஒரு இருபது பேர் இருப்பாங்க. எதிர் ஸீட்டுல அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு, மடியில அர்ச்சனைத் தட்டோட ஒரு அம்மா. நாங்க பேசினது இதுதான், ஒரு எழுத்துக் கூட்டாம எழுதறேன்.

"பாஷா, சூடாமணிக்கு இனி ஒரு பல்லுகூட மிச்சமில்லை. எல்லாம் மொழுமொழுன்னு ஆயிடுச்சு" என்றேன் நான்.

"பல்லு மட்டுமா நைனா? நாக்கும் பேஜாராக் கீது. அத்தையும் வெட்டிட்டு வேற வெக்கணும்."

"வச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை அடையாத்துக்காரங்க வர்றதுக்குள்ள முடியணும். ஜபல்பூர்லேர்ந்து அவ அண்ணன் ஆவுடையப்பன் கண்டிச்சு எழுதியிருக்கான்."

"வயசு இன்னா ஆவுது?"

"நாங்க சொல்லிக்கிறது பதினெட்டு. அசல்ல முப்பது."

"அப்ப இந்தத் தேய்மானம் சகஜந்தான்."

அந்த அம்மா வாயைப் பிளந்து என்னையே பார்க்கிறா. விஷயம் தெரிஞ்சவன் பேசறான்னு ரசிக்கிறாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர் அப்படிக் கேக்கும்போது எனக்குச் சுருக்கமாப் பேச வராது. அவங்களுக்காகவே இன்னும் கொஞ்சம் குரலை ஏத்தினேன்.

"தேய்மானத்தை விடுங்க பாஷா. கையை எடுத்தா ஓடிடுறா! போன மாசம் யாரும் பாக்காத சமயமா ஓடியே போயிட்டா. பத்து ஆம்பிளைங்க சேர்ந்து பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தோம். அன்னியிலேர்ந்து கட்டிப் போட்டுத்தான் வச்சிருக்கோம். பாக்க வர்றவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பளபளன்னு துடைச்சு நிறுத்திட்டாப் போச்சு."

"கவலைய வுடு. அடையாத்துல செத்துக் கெடக்குதே, அத்தோட பல்லைப் பேத்து இத்துக்கு வெச்சா சோக்கா குந்திக்கும்."

அந்த அம்மா மடியிலேர்ந்து தேங்காய் உருண்டு என் கால்கிட்டே வந்தது. எடுத்துக் குடுத்தேன். நெருப்பை வாங்கற மாதிரி வாங்கிக்கிட்டா. மரியாதைன்னு நினைச்சேன்.

துரை தோட்டத்து வண்டிக்குள்ள கோழி அடை காத்துக்கிட்டிருந்தது. அதை விரட்டிட்டுப் பாஷா உளியை வச்சு ரெண்டே தட்டுல பட்டையைப் பேத்துட்டார். கொண்டு வந்து நம்ம வண்டியில வச்சா ஒரு நூல் அளவு பெரிசு. அதுக்குத் தகட்டை வெட்டி அண்டக் கொடுத்தார். பிடி மாட்டற ஆணி ஓட்டை கோழி முட்டை மாதிரி நீண்டு போயிருந்தது. அதுக்கு வெண்கலத்துல ஒரு வளையம் கடைஞ்சு இறக்கினார். ஜட்கா பட்டை வில்லுலேர்ந்து புது நாக்கு வெட்டி, செவக்கக் காய்ச்சி, அக்காவோட நல்லெண்ணெய்ச் சட்டியில முக்கினார். 'ஸ்ஸ்'ஸுன்னு ஒரு சத்தம், தெருவே வாசனை. எண்ணெய்ல முக்கற யோசனை என்னுடையதுன்னு அக்காகிட்டே சொன்னேன். அக்கா சட்டியைத்தான் பார்த்தா.

சனிக்கிழமை சாயங்காலம் பாஷா சொன்னார்: "நாக்கு முனை இன்னும் கொஞ்சம் தேக்கணும் நைனா. திங்கக்கெழமை வந்து பார்க்கறேன்." நான், "பிடிக்குதில்லே? அது போதும், கையை எடுங்க" என்றேன். வண்டியை அப்படியே கொட்டகையில தள்ளிட்டோம். குழவிக்கல் அடுக்களைக்குப் போச்சு. பதினெட்டு ஆளு சேர்ந்து தள்ளினாலும் அசையாதுன்னு நானே தள்ளிப் பார்த்துச் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை. வாசல்ல ஜட்கா வந்து நின்னது. பிள்ளையோட அப்பா, பிள்ளை, அப்புறம் பிள்ளையோட அம்மா தேவானையம்மாள் இறங்கினாங்க. பார்த்தா, பஸ்ஸுல வந்த அதே அரக்குப் பட்டு! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நல்ல சகுனம்னு நினைச்சு, வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே, "அம்மா, அந்தப் பல்லு சமாசாரம் நல்லபடியா முடிஞ்சுது! நேத்துதான் கட்டினோம். நாக்கும் புதுசு. இனி கடப்பாரையைக் குடுத்தாலும் விடாது" என்றேன். அவங்க வாசப்படியிலேயே உக்காந்துட்டாங்க. வெயில்னு நினைச்சு விசிறி கொண்டுவரச் சொன்னேன்.

சின்னவ காப்பி கொண்டு வந்தா. அந்த அம்மா அவ முகத்தைப் பார்க்கலை, புடவையைப் பார்க்கலை, வாயையே பார்த்தாங்க. "ஒரு தட்டை எடுத்துக் கடிச்சுக்கோ தாயி" என்றாங்க. சின்னவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "முறுக்காவது?" அதுவும் மாட்டேன்னுட்டா. "நாலு வார்த்தை பேசேன், ழகரம் வர்ற மாதிரி." பேசலை. என்ன அடக்கம்னு நான் உருகிட்டேன். "எங்க வீட்டுப் பொண்ணு வாயைத் திறக்காது" என்று வேறே சொல்லித் தொலைச்சேன். அப்புறம் அந்த அம்மா சின்னவளைத் தனியா உள்ளறைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அஞ்சு நிமிஷம் பேசினாங்க. வெளியே வரும்போது அவங்க முகம் மஞ்சளா இருந்தது. சின்னவ கண்ணு தரையை விட்டு எழும்பலை. எல்லாம் கூடி வருதுன்னு நான் பாக்கைப் போட்டுக்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அக்கா என்னைத்தான் படிக்கச் சொன்னா. நல்ல சேதி, தெருவுக்கே கேக்கட்டும்னு வாசல்ல நின்னு உரக்கப் படிச்சேன். பிள்ளையோட அப்பா மரியாதையான மனுஷர், கையெழுத்து முத்து முத்தா இருந்தது. "பெண்ணுக்குப் பிறர் பல் பொருத்தியிருப்பதும், வயது முப்பது என்பதும், ஒரு தரம் இல்லம் விட்டு ஓடிப் பத்து ஆண்மக்களால் மீட்கப்பட்டதும், தற்சமயம் கட்டி வைக்கப்பட்டிருப்பதும், பெண்ணின் தாய்மாமன் பஸ்ஸில் தம் வாயாலேயே..." இங்கே வந்த பிறகுதான் குரலை இறக்கணும்னு தோணிச்சு. அதுக்குள்ள எதிர் வீட்டுக்காரங்க திண்டு தலகாணியோட ஜன்னலுக்கு வந்துட்டாங்க. அக்கா உள்ளே போய், சுவத்தைப் பார்த்துத் திரும்பி உக்காந்துட்டா. உங்கப்பா போன அன்னிக்கு அப்படி உக்காந்தவ.

எனக்கு அதைப் பாக்க முடியலைடா. பெட்டியில வச்சிருந்த ஒரே கூப்பனைப் போட்டு, பெரிய சூடாமணியைக் கிளப்பிக்கிட்டு நேரா அடையாத்துக்கு விட்டேன். பாலத்து மேல வண்டிகள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டது. அவங்க வாசல் கேட்டுக்கு நேரா நிறுத்தி, பிடியை ஓங்கி இழுத்தேன். 'டக்'! என்ன சத்தம்! அந்த ஒரு சத்தத்துக்காகப் பாஷாவுக்குப் பொன்னாடை போர்த்தலாம். ஆரன் அடிச்சேன். தேவானையம்மாள் வந்தாங்க.

"அம்மா, நல்லாப் பாருங்க. இதுதான் சூடாமணி! இதுக்குத்தான் பல்லு. இதுதான் ஓடிப்போனது. முப்பது வயசு இதுக்குத்தான். எங்க பொண்ணு வேறே, இது வேறே."

அவங்க வண்டியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "ஏன் அண்ணாச்சி, பொண்ணு பேரை வண்டிக்கு வச்சியளா, வண்டி பேரைப் பொண்ணுக்கு வச்சியளா?"

"ரெண்டும் ஒரே வாரத்துல வந்துதுங்க."

"அப்ப இந்த இரும்புதான் குளத்தங்கரைக்கு ஓடிச்சோ?"

"சத்தியமா."

"சரி, ஓடட்டும். பஸ்ஸுல நீங்க சொன்னதை மட்டும் வச்சு நான் முடிவு பண்ணலை அண்ணாச்சி. நாங்க தீர விசாரிச்சுத்தான் எழுதியிருக்கோம். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டு வாங்க."

தீர விசாரிச்சாங்களாம்! அன்னிக்கு அந்தப் பஸ்ஸுல அறுபது பேர் இருந்தாங்க, அத்தனை பேரையும் விசாரிச்சா அத்தனை பேரும் அதைத்தானே சொல்வாங்க? நான் போறேன்னு பிடியை விடுவிச்சேன். விடலை. ரெண்டு கையாலயும் அழுத்தினேன். காலால உதைச்சேன். நாக்கு பல்லைக் கவ்வினது கவ்வினபடி. கேட்டுக்கு நேரா வண்டி. உள்ளேயிருந்து அவங்க ஜட்கா வெளியே வர முடியலை. பிள்ளை ஆபீஸுக்கு மதில் ஏறிக் குதிச்சுத்தான் போனான். கால் சராய் கிழிஞ்சுதா இல்லையான்னு நான் பாக்கலை, சத்தம்தான் கேட்டேன்.

நான் நடந்தே மீர்சாகிப்பேட்டைக்குப் போய்ப் பாஷாவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தவர் தலையிலே கை வச்சுக்கிட்டார்.

"இன்னா பாஷா, விட மாட்டேங்குதே?"

"புடிக்கணும்னு சொன்னே நைனா, புடிச்சுது. வுடணும்னு சொன்னியா? திங்கக்கெழம நாக்கைத் தேக்கறேன்னு சொன்னேனே, கேட்டியா?"

மதியம் வரைக்கும் அங்கேயே உக்காந்து நாக்கு முனையை ரெண்டு நூல் தேய்ச்சார். அவங்க வீட்டுலேர்ந்து அவருக்கு மோர் வந்தது. எனக்கு வரலை. இப்போ பிடிக்கவும் பிடிக்குது, விடவும் விடுது. நீ எழுதின வேலை சுத்தமா முடிஞ்சுது. வண்டி கொட்டகையில நிக்குது, ஒரு விரலால இழுத்தா நிக்கும்.

வேலை முடிஞ்சு என்ன பிரயோஜனம் ஆவுடையப்பா? அத்தான் கண்ணை மூடறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ராஜரத்தினம், சின்னவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்து முடிச்சுடு" என்று சொன்னார். இது நான் சேர்த்துச் சொல்றது இல்லை, உங்கம்மா பக்கத்துல இருந்தா. நல்ல இடம்தான் தானாத் தேடி வந்தது. நான் ஒரு பஸ் சத்தத்துக்கு மேலே கத்தி அதை விரட்டிட்டேன். அக்கா என்னோட பேசறது இல்லை. நான் போனா, "உங்க மாமாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று சுவத்தைப் பார்த்துச் சின்னவகிட்டே சொல்றா. என் காப்பியில சர்க்கரை சரியாத்தான் இருக்கு. அதுதான் தாங்கலை. நீ என்னைத் திட்டி எழுது. வாசல்ல நின்னு உரக்கப் படிக்க மாட்டேன்.

உனக்குச் சகல பாக்கியங்களும் உண்டாகவும், சம்பளம் உயரவும், இனி உன் வீட்டு வாகனம் எதற்கும் மனுஷப் பேர் வைக்காமலிருக்கிற புத்தி உன் சந்ததிக்கு வரவும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் குற்றமுள்ள மாமன்,
மு. ராஜரத்தினம்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தியாகராய நகரில் எழுதினேன். இதை மயிலாப்பூரில் எழுதுகிறேன். மிலிடரி ஆபீஸ் விலாசம் இங்கிலீஷில் போக வேண்டும் என்பதால் உறைமேல் எழுதித் தரும்படி சின்னவகிட்டே குடுத்தேன். அவ விலாசத்தை எழுதிட்டு, கேக்காம கொள்ளாம உள்ளே இருந்ததையும் எடுத்துப் படிச்சுட்டா. கொட்டகையில வண்டி படிமேல உக்காந்து படிச்சவ, கோழி அடை காத்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பிச்சா. கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு. "மாமா, இதை அனுப்பாதீங்க. சம்பந்தம் நின்னது உங்களால இல்லை" என்றாள்.

உள்ளறையில நடந்ததை அப்புறம்தான் சொன்னா. அந்தத் தேவானையம்மாள், "பஸ்ஸுல உங்க மாமா என்னமோ உளறினாரு தாயி. அந்த ஆளு பேச்சைப் பார்த்தா அதுல கால்வாசிகூட நெசம் இருக்காதுன்னு தோணிச்சு. அதான் உன்கிட்டயே கேட்கறேன்" என்று கேட்டாங்களாம். கால்வாசி! அதுக்கு நம்ம சின்னவ, "எல்லாம் நெசந்தான் அத்தை. ராத்திரி கழட்டித் தம்ளர்ல போட்டு வைப்பேன். ஓடிப்போனது ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம். மாமா உங்களுக்காகக் குறைச்சுச் சொல்லியிருக்காரு" என்று சொல்லியிருக்கா. அத்தனை பல்லும் அவளுடையது. முப்பத்திரண்டும் தெரியச் சிரிச்சுக்கிட்டே சொல்றா. என் ரத்தம்டா அது.

ஏன்டி இப்படிச் சொன்னேன்னு கேட்டேன். ஐப்பசியில முகூர்த்தம் வைக்கணும், காலேஜுக்கு அன்னியோட முழுக்குன்னு அந்த அம்மா முதல் வார்த்தையா சொன்னாங்களாம். இவளுக்குப் பங்குனியில இண்டர் பரீட்சை. எழுதியே ஆகணும்னு இவ. எங்ககிட்டே முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னேன். பிரேக் வேலை நடந்த அந்த வாரத்துல ரெண்டு தரம், "மாமா, ஒரு விஷயம்" என்று வண்டிகிட்டே வந்து நின்னாளாம். ஒரு தரம் எண்ணெய் கொண்டான்னு அனுப்பினேனாம், ஒரு தரம் பழந்துணி கொண்டான்னு அனுப்பினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கும்.

ஆகவே மேலே நான் வருத்தப்பட்டதை எல்லாம் நீ அடிச்சுட்டு வாசி. அந்த இடத்துல வேறே வருத்தத்தை எழுதலாம்னா காகிதம் கிடைக்கிற காலமா இது? தவிர, நல்லா வந்திருக்கு, கிழிக்க மனசில்லை.

பரீட்சை முடியற வரைக்கும் அம்மாகிட்டே சொல்லிடாதீங்க மாமான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. சரின்னுட்டேன். பங்குனி வரைக்கும் அக்கா சுவத்தோடதான் பேசப்போறா, நான் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும். இதுவரைக்கும் நான் வாயை மூடிக்கிட்டிருக்கிறேன்னு உன்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா மூடினதா ஆகாது, பார்.